நான்காம் படியில் இல்லாத பொத்தான்

புதிதாக ஒரு மென்பொருளைக் கணினியில் நிறுவுகிறீர்கள். பக்கத்திலேயே அதன் வழிகாட்டிக் குறிப்பையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். முதல் படி சரி. இரண்டாம் படி சரி. மூன்றாம் படியும் சொன்னபடியே நடக்கிறது. நான்காம் படி, ‘மேலே வலப்பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்துங்கள்’ என்கிறது. வலப்பக்கத்தில் பொத்தானே இல்லை. இடப்பக்கத்திலும் இல்லை. மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறீர்கள். கால் மணி நேரம் கழித்து, ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று கணினியை மூடிவிடுகிறீர்கள்.

தவறு உங்களுடையதல்ல. அந்தப் பொத்தான் எப்போதோ இடம் மாறியிருக்கும். மென்பொருளை மாற்றியவர்கள் குறிப்பை மாற்ற மறந்திருப்பார்கள். உங்களுக்கு முன்பும் பலர் அதே நான்காம் படியில் தடுக்கி விழுந்து, பேசாமல் எழுந்து போயிருப்பார்கள். அவர்களில் ஒருவர் நின்று அந்த ஒரு வரியைத் திருத்தியிருந்தால் உங்கள் மாலைப் பொழுது மிச்சமாகியிருக்கும்.

அப்படி நின்று திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை, மேடை இல்லை. ஒரு தவறான சொல், ஒரு பழைய இணைப்பு, விட்டுப்போன ஒரு படி என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள்தாம் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை. கவனமாகப் படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

எல்லாரும் கைவைக்கக்கூடிய மென்பொருள்

திறந்த மூல மென்பொருள் என்றால் அதன் நிரல் வரிகள் எல்லாருக்கும் தெரியும்படி வைக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம். ‘திறந்த மூலம்’ என்ற பெயர் 1998ல்தான் வந்தது. ஆனால் அதன் வேர் பழையது. ரிச்சர்ட் ஸ்டால்மன் தம்முடைய குனூ திட்டத்தை 1983ல் அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை 1991ல் வெளியிட்டார். இன்று நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது.

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. ஒலிப்பதிவைப் பழகும் மாணவர்கள் பலர் முதலில் தொடுவது ‘ஆடசிட்டி’ என்ற மென்பொருளை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999ல் டோமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கியது அது. 2000ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இலவசம், திறந்த மூலம். அதில் இரைச்சலைக் குறைப்பது எப்படி, இரண்டு தடங்களைக் கலப்பது எப்படி என்றெல்லாம் சொல்லித்தரும் கையேடு ஒன்றும் உண்டு. அதையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், யாரோ திருத்தியிருக்கிறார்கள்.

சிங்கப்பூரிலும் இந்தப் பழக்கம் உண்டு. அரசாங்கப் படிவங்களை நிரப்பும்போது நாம் பார்க்கும் ‘ஃபார்ம்எஸ்ஜி’யின் நிரல் பொதுவில் இருக்கிறது. கொவிட் காலத்தில் ‘டிரேஸ்டுகெதர்’ செயலிக்கு அடிப்படையான நிரலை 2020 ஏப்ரலில் ‘ஓப்பன்டிரேஸ்’ என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். திறந்த மூல ஆர்வலர்கள் கூடும் ‘ஃபாஸ்ஏஷியா’ மாநாடும் பல ஆண்டுகள் இங்கே நடந்திருக்கிறது.

நிரலுக்கு ஆள் வருகிறார்கள். கையேட்டுக்குத்தான் வருவதில்லை. திறந்த மூலத் திட்டங்கள் பெரும்பாலும் குடியிருக்கும் இடம் ‘கிட்ஹப்’ இணையத்தளம். அது 2017ல் சுமார் 5,500 பேரிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. அரைகுறையான அல்லது குழப்பமான கையேடுகளைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 93 விழுக்காட்டினர். ஆனால் பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் கையேட்டுப் பக்கம் தாங்கள் போவதே அரிது அல்லது போவதே இல்லை என்றார்கள். எல்லாருக்கும் பசி, சமைக்க மட்டும் ஆளில்லை.

அதே கருத்தாய்வில் இன்னொன்றும் தெரிந்தது. திறந்த மூல உலகில் இருப்பவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. வளைத்து வளைத்து எழுதிய ஓர் ஆங்கில வாக்கியம் அவர்களுக்குப் பூட்டிய கதவு. அதை இரண்டு சின்ன வாக்கியங்களாக உடைத்துவைப்பதும் திருத்தம்தான்.

ஓர் இடைவெளியின் விலை

‘எழுத்துப் பிழைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

2011ல் ‘பம்பிள்பீ’ என்ற லினக்ஸ் மென்பொருள் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். மடிக்கணினியின் வரைகலைச் சில்லைக் கையாள்வதற்கான சின்ன மென்பொருள் அது. அதை நிறுவும் நிரலில், பழைய கோப்புறை ஒன்றை அழிக்கச் சொல்லும் வரி இருந்தது. அந்தக் கோப்புறையின் முகவரிக்கு நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. கணினி அதை ஒரே முகவரியாகப் படிக்கவில்லை, இரண்டாகப் படித்தது. முதல் பாதி, கணினியின் முக்கியமான மென்பொருள்கள் எல்லாம் இருக்கும் கோப்புறையின் பெயர். நிறுவியவர்களின் கணினியில் அந்தக் கோப்புறை அப்படியே காணாமல் போனது. திருத்தம் என்ன தெரியுமா? அந்த இடைவெளியை எடுத்தார்கள். அவ்வளவுதான்.

அது நிரலில் நடந்தது. கையேட்டில் நடக்காதா? கையேட்டில் இருக்கும் ஆணைகளை நாம் எழுத்தெண்ணிப் படிப்பதில்லை. நகலெடுக்கிறோம், ஒட்டுகிறோம், என்டர் தட்டுகிறோம். அங்கே ஓர் இடைவெளி தப்பினால், ‘செய்யாதீர்கள்’ என்பது ‘செய்யுங்கள்’ என்று ஆகிவிட்டால், படிப்பவரின் கணினியில்தான் விளைவு தெரியும். நிரலில் பிழை இருந்தால் பல நேரம் கணினியே சிவப்பு எழுத்தில் கத்தும். கையேட்டில் பிழை இருந்தால் கணினிக்கு அது தெரியவே தெரியாது. மனிதக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடம் சந்தேகம் கேட்கிறோம். அவை பதில் சொல்லக் கற்றுக்கொண்டது பொதுவில் கிடைக்கும் எழுத்துகளிலிருந்து. அவற்றில் இந்தக் கையேடுகளும் அடக்கம். மூலத்தில் இருக்கும் தவறு அங்கேயும் எதிரொலிக்கும்.

அனுபவசாலியின் கண்ணில் படாதது

அம்மாவிடம் ரசம் வைக்கக் கேட்டுப் பாருங்கள். ‘கொஞ்சம் புளியைக் கரைச்சுக்கோ, மிளகு சீரகம் தட்டிப்போடு, நுரை கட்டினதும் இறக்கிடு’ என்பார். எவ்வளவு புளி, எவ்வளவு தண்ணீர், நுரை கட்டுவது எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லத் தோன்றாது. முப்பது வருடமாகச் செய்கிறார், கைக்குத் தெரியும். முதன்முதலாக அடுப்பு முன் நிற்பவருக்குத்தான் எந்தப் படி விட்டுப்போனது என்று தெரியும்.

மென்பொருள் எழுதியவருக்கும் அதே நிலைமைதான். விட்டுப்போன படியை அவர் மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால் ஒரு கையேட்டைச் சோதிக்க ஏற்ற ஆள் புதியவர்தான். அவருடைய குழப்பம் ஒரு தகவல். அதுவும் சில நாளில் கெட்டுப்போகும் தகவல். பழகிவிட்டால் அவருக்கும் அந்தக் குழி தெரியாது.

என் அண்ணன் மகள் பல்துறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, எனக்கு இந்தப் படிப்பே சரிப்பட்டு வராதுபோல. வகுப்புல எல்லாருக்கும் வருது. எனக்கு மட்டும் ரெண்டு நாளா ஓடவே மாட்டேங்குது,” என்றாள்.

எனக்கு நிரல் எழுத வராது. ஆனால் எழுதியதைச் சத்தமாக வாசிப்பது என் தொழில். “நீ கையேட்டை வாசி, நான் திரையைப் பார்க்கிறேன்,” என்றேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். கையேட்டில் ஒரு கோப்பின் பெயருக்கு நடுவே சிறு கோடு. மென்பொருளுக்குள் இருந்த கோப்பிலோ அடிக்கோடு. வகுப்பில் மற்றவர்கள் யாரோ ஒருவரிடமிருந்து முடிந்த கோப்பை வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். இவள் மட்டும்தான் கையேட்டை நம்பி வரிவரியாகச் செய்திருக்கிறாள்.

“அப்போ இது அவங்க தப்பா?” என்று இரண்டு முறை கேட்டாள். அந்த இரவே திருத்தம் அனுப்பினாள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, ‘இன்னொரு பக்கத்திலும் இதே தவறு இருக்கிறது, அதையும் சேர்த்துச் சரிசெய்ய முடியுமா?’ என்று கேட்டிருந்தார் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். செய்தாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாற்றங்களின் வரலாற்றில் அவள் பெயர் இருக்கிறது.

ஒரு கோட்டைச் சற்றுக் கீழே இறக்கியதுதான் அவள் செய்த வேலை. ஆனால் ‘எனக்கு வராது’ என்ற பேச்சு அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை. பிழையான கையேட்டின் பெரிய கேடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது நேரத்தை மட்டும் தின்பதில்லை. படிப்பவரைத் தன்மீதே சந்தேகப்பட வைக்கிறது. சந்தேகப்பட்டு விலகிப்போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருத்தாமல் விட்ட எழுத்துகள்

பிழையை ஒத்துக்கொள்வது இந்த உலகில் பழைய மரபு. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதிய முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. அதன் பக்கங்களில் ‘பிழைகள்’ என்றே ஒரு தலைப்பு இருக்கும். இந்த ஆணையில் இன்ன குறை இருக்கிறது என்று எழுதியவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள். இன்றைய லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களிலும் அந்தத் தலைப்பு தொடர்கிறது.

அதே யூனிக்சில் புதிய கோப்பை உருவாக்கும் ஓர் ஆணை உண்டு. ‘கிரியேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான், ஆனால் கடைசியில் வரவேண்டிய ‘இ’ எழுத்து இருக்காது. யூனிக்சை மறுபடியும் உருவாக்கினால் எதை மாற்றுவீர்கள் என்று பின்னாளில் கேட்டபோது, அந்த ‘இ’யைச் சேர்ப்பேன் என்றாராம் தாம்சன்.

இணையத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஓர் இணைப்பைச் சொடுக்கி அடுத்த பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்று உங்கள் உலாவி அந்தப் பக்கத்துக்குச் சொல்லலாம். அந்தத் தகவலின் பெயர் ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் அதற்கு நான்கு ‘ஆர்’ வேண்டும். 1996ல் வெளியான விதிமுறை ஆவணத்தில் மூன்றுதான் இருந்தன. அதற்குள் மென்பொருள்கள் எல்லாம் அந்தத் தவறான எழுத்துக்கூட்டலையே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டன. திருத்தினால் எல்லாம் உடையும். அதனால் இன்றுவரை தவறே சரி. நேரத்தில் ஒருவர் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பெருமை தேடித் தந்தவர் கணினி அறிவியல் பேராசிரியர் டோனல்ட் குனூத். தம்முடைய புத்தகங்களில் முதலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 அமெரிக்க டாலர் காசோலை அனுப்புவார். ஏன் 2.56? 256 காசு என்பது கணினிக்காரர்களின் பதினாறு அடிமான எண் முறையில் 100. அவர் கணக்கில் அது ஒரு முழு டாலர். வாங்கியவர்களில் பலர் காசோலையை வங்கியில் போடவில்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். வங்கி மோசடிகள் பெருகியதால் 2008ல் அவர் உண்மையான காசோலையை நிறுத்திவிட்டு, கற்பனை வங்கி ஒன்றின் பெயரில் சான்றிதழ் தரத் தொடங்கினார். அதற்கும் மதிப்புக் குறையவில்லை.

லினக்ஸ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துப் பிழைகளையும் அவற்றின் சரியான வடிவங்களையும் ஒரு பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். புதிய வரிகள் வரும்போது அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு.

எப்படிச் செய்வது?

கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் வழிமுறை எளிது. கிட்ஹப்பில் இலவசக் கணக்கு ஒன்று வேண்டும். பல கையேட்டுப் பக்கங்களின் மேலோ கீழோ ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பக்கத்தின் மூல எழுத்து திறக்கும். பென்சில் சின்னத்தைச் சொடுக்கினால் அதன் படி ஒன்று உங்கள் பெயரில் உருவாகும். அதில் திருத்துங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்று ஓரிரு வரி எழுதுங்கள். பிறகு ‘புல் ரிக்வெஸ்ட்’ அனுப்புங்கள். ‘என் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம்தான் அது. திட்டத்தின் பராமரிப்பாளர் அதைப் பார்த்து ஏற்பார், கேள்வி கேட்பார் அல்லது மறுப்பார். நீங்கள் எதைத் தொட்டாலும் மூலப் பக்கம் உடனே மாறிவிடாது. அதனால் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

அனுப்பும் முன்பு கவனிக்க வேண்டியவை சில:

ஒரு விண்ணப்பத்தில் ஒரு வகைத் திருத்தம் மட்டும் இருக்கட்டும். பத்து விஷயங்களைக் கலந்து அனுப்பினால் பார்ப்பவருக்குத் தலைவலி.

ஆணையைத் திருத்தினால் முதலில் உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள். தவறு என்று நீங்கள் நினைப்பது அந்த மென்பொருளின் பழைய பதிப்புக்குச் சரியாக இருக்கலாம்.

வேறு யாராவது அதே திருத்தத்தை ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். பல திட்டங்களில் ‘பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டி’ என்று ஒரு பக்கம் இருக்கும். ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் படியுங்கள்.

நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் ஆங்கிலம் கற்றோம். ‘கலர்’ என்ற சொல்லில் நாம் ‘யு’ போடுவோம், அமெரிக்கர்கள் போடமாட்டார்கள். அது பிழையல்ல, வழக்கு. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

எதைத் தேடுவது என்று கேட்டால், வேலை செய்யாத இணைப்புகள், மாறிப்போன பொத்தான் பெயர்கள், பழைய திரைப்படங்கள், விட்டுப்போன படிகள், இருபொருள் தரும் வாக்கியங்கள் எல்லாம் கணக்கில் சேரும். திருத்தத் தெரியவில்லையென்றால், ‘இந்த இடம் புரியவில்லை, நான் இதைச் செய்தேன், இப்படி நடந்தது’ என்று தகவல் மட்டும் எழுதலாம். அதுவும் உதவிதான். புதியவர்களுக்கு ஏற்ற வேலைகளுக்குச் சில திட்டங்கள் ‘முதல் வேலைக்கு நல்லது’ என்று தனி அடையாளமே ஒட்டிவைக்கின்றன.

டி-சட்டைக்காக வந்த கூட்டம்

இந்த நல்ல காரியத்துக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014ல் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தங்கள் அனுப்பினால் ஒரு டி-சட்டை பரிசு. நோக்கம் நல்லது. ஆனால் 2020 அக்டோபர் பிறந்ததும் உலகெங்கும் பராமரிப்பாளர்களின் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. ஒரு தலைப்பில் ‘அற்புதமான’ என்ற சொல்லைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை இங்கிருந்து அங்கே நகர்த்துவது என்று சட்டைக்காகச் செய்த திருத்தங்கள். சில நாள்களிலேயே ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்றார்கள்.

2024 தொடக்கத்தில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற புகழ்பெற்ற மென்பொருளுக்கும் இதே கதி. திருத்தம் அனுப்புவது எப்படி என்று காட்டிய ஒரு பாடக் காணொளி அதை எடுத்துக்காட்டாக வைத்திருந்தது. பார்த்தவர்கள் அப்படியே செய்து பார்த்தார்கள். அதன் அறிமுகப் பக்கத்தில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் குவிந்தன விண்ணப்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் கற்றுக்கொள்ள வந்த மாணவர்கள். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மறுமுனையில் ஒரு மனிதர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூட வேண்டும்.

அந்த மனிதரை மறந்துவிடுகிறோம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இரவில் தன் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறவர்கள் பலர். வேலை தேடும் இளையர்கள் தங்கள் கணக்கில் பச்சைக் கட்டங்கள் நிறைய வேண்டும் என்று நினைப்பது புரிகிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் எண்ணிக்கையைவிட, ‘இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சோதித்தேன், என்ன பதில் வந்தது’ என்று சொல்ல ஒரு உண்மையான கதை இருப்பது மேல்.

ஒரு திருத்தம் தேவைதானா என்று தெரிந்துகொள்ள எளிய கேள்வி ஒன்று போதும்: இதைச் செய்தால் அடுத்துப் படிக்கப்போகும் ஒருவருக்கு ஏதாவது எளிதாகுமா? ஆகும் என்றால், அது ஒரே ஒரு எழுத்தானாலும் அனுப்புங்கள்.

சின்னத் திருத்தத்தையும் ஏன் சோதிக்கிறார்கள்?

ஒரு சொல்லைத் திருத்தியதற்கே நாலு கேள்வி கேட்கிறார்களே என்று சிலருக்கு வருத்தம் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ என்ற சிறு மென்பொருள் எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதை நீண்ட காலமாக ஏறக்குறைய ஒருவரே கவனித்துவந்தார். 2021 இறுதியில் தொடங்கி, புனைபெயரில் ஒருவர் சின்னச் சின்ன உதவிகளாகச் செய்து நம்பிக்கை பெற்றார். களைத்துப்போயிருந்த பராமரிப்பாளர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். 2024ல் அந்தப் புதியவர் மென்பொருளுக்குள் ஒரு கள்ளக்கதவை வைத்தார். 2024 மார்ச் 29ஆம் தேதி ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். தம்முடைய கணினிக்குள் நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று துருவியதில் அகப்பட்டது. அந்தக் கதவு பரவலாகத் திறந்திருந்தால் உலகின் பல கணினிகள் ஆபத்தில் சிக்கியிருக்கும்.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. சின்ன மாற்றத்தையும் யாராவது கவனித்துப் பார்க்கத்தான் வேண்டும். அதோடு, ஒருவர் தோளிலேயே எல்லாச் சுமையையும் விட்டுவைப்பது ஆபத்து. கையேட்டுப் பிழைகளையாவது நாலு பேர் பகிர்ந்துகொண்டால் பராமரிப்பாளருக்கு மற்றதைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

தமிழிலும் வேலை காத்திருக்கிறது

கணித்தமிழ் வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. தமிழ் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி இங்கிருந்து உழைத்தவர். உலகத் தமிழ்க் கணினி ஆர்வலர்களை ஒன்றுகூட்டிய ‘தமிழ்நெட் 97’ மாநாடு 1997ல் இங்கேதான் நடந்தது. கணினித் திரையில் தமிழ் எழுத்து தெரிவதே சாதனையாக இருந்த காலம் அது.

இன்று எழுத்து தெரிகிறது. சொல்தான் தடுமாறுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரேஆஃபிஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களைத் தமிழிலும் பயன்படுத்தலாம். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தவை. இத்தகைய மொழிபெயர்ப்புகளில் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஓரிடத்தில் ஒரு தமிழ்ச்சொல், இன்னோரிடத்தில் வேறொன்று என்று வந்துவிடுவதுண்டு. ஒற்று விடுபடுவதும் உண்டு. சில வாக்கியங்கள் படித்தால் புரியாது. ஆங்கிலப் பிழையைத் திருத்த உலகம் முழுதும் ஆள் இருக்கிறது. தமிழ்ப் பிழையைத் திருத்தத் தமிழ் தெரிந்தவர்தான் வரவேண்டும்.

இங்கே நிரல் தெரிந்த பிள்ளையும் தமிழ் தெரிந்த தாத்தா பாட்டியும் ஒரே மேசையில் உட்கார முடியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் இருந்தால் சிவப்பு மைப் பேனாவுக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது என்று சொல்லுங்கள். பேரனோ பேத்தியோ பொத்தானை அழுத்தட்டும், சந்தியைத் தாத்தா பார்த்துக்கொள்வார். பழக வேண்டுமானால் 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நல்ல பள்ளிக்கூடம். அங்கே ‘தொகு’ என்ற பொத்தான் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. திறந்த மூல மென்பொருள் பற்றித் தமிழிலேயே படிக்க ‘கணியம்’ இணைய இதழ் இருக்கிறது.

வானொலியில் நாங்கள் பேசுவது காற்றோடு போய்விடும். கேட்டவர் காதில் தங்கினால் உண்டு. கையேட்டில் இருக்கும் வரி அப்படியல்ல. இரவு இரண்டு மணிக்கு, எங்கோ ஓர் ஊரில், கேட்க ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அதுதான் துணை. அந்த வரி சரியாக இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நன்றி சொல்லவும் வரமாட்டார், ஏனென்றால் அங்கே ஒரு பிழை இருந்ததே அவருக்குத் தெரியாது.

இந்த வாரம் ஏதாவது ஒரு கையேட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஓரிடம் இடறினால், உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த வரியை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். பிழை அங்கே இருந்தால் பென்சில் சின்னமும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.